கோட்டுக்கு அந்தப் பக்கம்

2009ஆம் ஆண்டு ஜூலை மாதம். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா கரையில் கடலைப் பார்க்க வீடு கட்டியிருந்தவர்களுக்கு ஒரு காட்சி குறைந்துபோனது. கரைக்கும் எதிரே இருக்கும் தீவுகளுக்கும் நடுவில், நாள் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகப் போய்வந்த பெரிய கண்டெய்னர் கப்பல்களில் ஏறத்தாழ பாதியைக் காணோம். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்குப் போகவேண்டிய கப்பல்கள் அவை. அங்கே அவை ஒழுங்காக வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தன. வழியைத்தான் மாற்றிக்கொண்டிருந்தன.

காரணம், கடலில் யாரும் கண்ணால் பார்க்க முடியாத ஒரு கோடு.

அந்த ஜூலை முதல் தேதியில் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. கரையிலிருந்து 24 கடல் மைலுக்குள் நுழையும் பெரிய கப்பல்கள், வழக்கமான உலை எண்ணெயை நிறுத்திவிட்டு, கந்தகம் குறைந்த டீசல் வகை எரிபொருளுக்கு மாறவேண்டும். நல்ல எரிபொருளுக்கு விலை அதிகம். கப்பல் கம்பெனிகள் வரைபடத்தை விரித்துப் பார்த்தன. கால்வாய் போன்ற அந்த உள்வழியில் போனால், துறைமுகம் வரைக்கும் நெடுந்தூரம் கோட்டுக்கு இந்தப் பக்கமே ஓடவேண்டும். தீவுகளுக்குத் தெற்கே வெளிக்கடலில் சுற்றிப் போனால், துறைமுகத்தை நெருங்கும்போது மட்டும் எரிபொருளை மாற்றினால் போதும். வணிகர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள்.

வெளிவழி வெறும் கடல் அல்ல. அது அமெரிக்கக் கடற்படையின் பாயிண்ட் முகு சோதனைக் களம். 36,000 சதுர மைல் பரப்பில் ஏவுகணைகளைச் சுட்டுப் பார்க்கும் இடம். சோதனைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் அதிகாரியின் முன்னால், பொம்மையும் சட்டையும் செருப்பும் ஏற்றிக்கொண்டு சரக்குக் கப்பல் ஒன்று சாவகாசமாகக் குறுக்கே போனால் எப்படி இருக்கும்? கடற்படை புகார் செய்தது. காற்றைச் சுத்தம் செய்யப் போட்ட விதி, பாதுகாப்புத் துறையின் தலைவலியாக வந்து முடிந்தது.

2011இல் வாரியம் கோட்டைத் திருத்தி, தீவுகளையும் சேர்த்து வெளியே தள்ளிப் போட்டது. அடுத்து 2012 ஆகஸ்டில், சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஒப்புதலோடு, வட அமெரிக்கக் கரையைச் சுற்றி 200 கடல் மைல் அகலத்துக்கு எரிபொருள் கட்டுப்பாட்டு வளையம் வந்தது. அதன் கந்தக வரம்பு 2015இல் 0.1 சதவீதமாக இறுகியது. 24 மைலைச் சுற்றிக்கொண்டு போகலாம். 200 மைலைச் சுற்றினால் கட்டுப்படி ஆகாது. ஓடி ஒளிவதில் லாபம் இல்லை என்றான பிறகு கப்பல்கள் மறுபடி உள்வழியிலும் தெரிய ஆரம்பித்தன.

கப்பல் புகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுப் போவது வழக்கம். உண்மையில் இதுதான் மையக் கதை. காற்றுக்குப் போடும் எந்தச் சட்டமும் கடலில் ஓர் இடத்தைப் பிரிக்கிறது. கடலில் இடம் பிரிக்கும் எந்தத் திட்டமும் யாருடைய மூக்குக்குப் புகை போகும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. இரண்டையும் தனித்தனி அலுவலகங்களில், தனித்தனிக் கோப்புகளில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதிய இடங்களில், இந்தத் துறைமுகங்கள் இருக்கும் சான் பெட்ரோ விரிகுடாவைப்போல விவரமாகப் பதிவான இடங்கள் குறைவு.

நிற்கும் கப்பலும் புகைக்கும்

லாஸ் ஏஞ்சலஸும் லாங் பீச்சும் பெயரளவில் இரண்டு துறைமுகங்கள்; இருப்பது ஒரே விரிகுடாவில், தோளோடு தோள். அமெரிக்காவுக்குக் கண்டெய்னரில் வரும் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இங்கேதான் இறங்குகிறது. கிரேன்களின் நிழல் விழும் தூரத்தில் வில்மிங்டன், சான் பெட்ரோ, மேற்கு லாங் பீச் குடியிருப்புகள். லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதிகள். துறைமுகத்திலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய இடங்களுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் 'டீசல் மரண மண்டலம்'.

துறைமுகத்துக்கு வந்து நங்கூரமிட்டால் அல்லது கயிறு கட்டினால் கப்பல் ஓய்ந்துவிட்டது என்று கரையில் இருக்கும் நாம் நினைப்போம். முதன்மை எஞ்சின்தான் ஓய்கிறது. விளக்கு, பம்பு, சமையலறை, காற்றோட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக இறைச்சியும் பழமும் மருந்தும் ஏற்றிவந்த குளிர்சாதனக் கண்டெய்னர்கள், இவற்றுக்கெல்லாம் மின்சாரம் வேண்டுமே. அதற்காகத் துணை எஞ்சின்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. நடுக்கடலில் கப்பல் விடும் புகை காற்றில் கரைந்து போகலாம். நகரத்தின் மடியில் கட்டிய கப்பல் விடும் புகை நேராகப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது.

அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்பது எதை எரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் வடித்த பிறகு அடியில் தங்கும் கறுப்புக் குழம்புதான் கப்பலின் உலை எண்ணெய். சூடாக்கினால் மட்டுமே குழாயில் ஓடும். 2019 முடியும் வரை உலகக் கடல்களில் இதில் 3.5 சதவீதம் கந்தகம் இருக்கலாம் என்பது விதி. இந்தியச் சாலைகளில் பாரத் ஸ்டேஜ் 6 டீசலுக்கு அனுமதிக்கப்பட்ட கந்தகத்தைப்போல இது 3,500 மடங்கு. 2020 ஜனவரி 1 முதல் உலக வரம்பு 0.5 சதவீதமாக இறங்கியது. இறங்கிய பிறகும் நம் ஊர் லாரியைவிட 500 மடங்கு.

2001இல் சான் பெட்ரோ குடியிருப்போர் சங்கங்கள், இயற்கை வளப் பாதுகாப்புக் கவுன்சில் என்ற அமைப்போடு சேர்ந்து நீதிமன்றம் போயின. சீனக் கப்பல் நிறுவனம் ஒன்றுக்காக லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த புதிய முனையத்துக்கு முறையான சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கவில்லை என்பது வழக்கு. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. பாதி கட்டிய முனையம், வரிசையில் நிற்கும் ஒப்பந்தங்கள். துறைமுகத்துக்கு வேறு வழியில்லை. 2003இல் சமரசம். அதில் ஒரு நிபந்தனை: அந்த முனையத்துக்கு வரும் கப்பல்களில் பெரும்பாலானவை எஞ்சினை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2004 ஜூன் மாதம் அந்த முனையத்தில் பிளக் தயாரானது. பிளக் என்றால் சுவரில் இருக்கும் பிளக் இல்லை. 6,600 வோல்ட் பாயும் தடித்த கேபிள்கள். இழுத்துச் செருகுவதற்குத் தனிப் பயிற்சி பெற்ற ஆட்கள். கப்பலின் மின்சாரமும் கரை மின்சாரமும் ஒரே தாளத்துக்கு வந்த பிறகே ஜெனரேட்டரை அணைக்க முடியும். ஸ்வீடனின் கோதன்பர்க்கில் 2000இலும் அலாஸ்காவின் ஜூனோவில் 2001இலும் இது நடந்திருந்தது. ஆனால் அங்கே பிளக் போட்டது ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப வரும் படகுகளும் உல்லாசக் கப்பல்களும். உலகம் சுற்றும் கண்டெய்னர் கப்பலுக்குப் பிளக் போட்டது சான் பெட்ரோதான் முதலில்.

வழக்கில் பிறந்த ஒரு முனையத்தின் நிபந்தனை, 2007இல் மாநிலத்தின் சட்டமானது. கலிஃபோர்னியாவுக்கு அடிக்கடி வரும் கண்டெய்னர், குளிர்சாதன, உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் தங்கள் வருகைகளில் 2014க்குள் 50 சதவீதம், 2017க்குள் 70, 2020க்குள் 80 என்று கரை மின்சாரத்துக்கு மாறவேண்டும். கார் ஏற்றும் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் முதலில் தப்பித்துக்கொண்டன. 2020இல் நிறைவேறிய அடுத்த விதி அவற்றையும் பிடித்தது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச்சில் 2025 முதல் அவற்றுக்கும் விலக்கு இல்லை. எண்ணெய்க் கப்பலில் உயர் அழுத்த மின் இணைப்பு போட நிறுவனங்கள் தயங்கின. தீப்பொறி பயம் நியாயமானதுதான். அதற்கும் ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. மிதவைப் படகு ஒன்று பக்கத்தில் வந்து நின்று, நீண்ட கையால் கப்பலின் புகைபோக்கிக்கு முக்காடு போட்டு, புகையை உறிஞ்சி வடிகட்டி விடுகிறது. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

பலன் இருந்ததா? லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகம் ஆண்டுதோறும் தன் புகைக் கணக்கை வெளியிடுகிறது. 2005ஐ ஒப்பிட்டால் டீசல் நுண்துகள் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறது. கந்தக ஆக்சைடு பெயருக்குத்தான் மிச்சம். நைட்ரஜன் ஆக்சைடு அவ்வளவு வேகமாக இறங்கவில்லை. பசுமை இல்ல வாயு இன்னும் பின்தங்கி நிற்கிறது. இதே துறைமுகம், அந்தச் சமரசம் நடந்த முனையத்தில் தான் ஒப்புக்கொண்ட 52 நிவாரண நடவடிக்கைகளில் 11ஐ நிறைவேற்றவில்லை என்று 2015இல் தானே வெளியே சொல்லவேண்டி வந்தது. கரை மின்சார நிபந்தனையிலேயே தளர்வு கொடுத்திருந்தார்கள். வழக்குப் போட்டவர்கள் மறுபடி நீதிமன்றப் படி ஏறினார்கள். புகைக் கணக்கில் இறங்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இப்படி யாரோ சளைக்காமல் காவல் இருந்திருக்கிறார்கள்.

திமிங்கலமும் புகையும்

சாண்டா பார்பரா உள்வழிக்குத் திரும்புவோம். 2007 செப்டம்பரில், சில வாரங்களுக்குள், குறைந்தது மூன்று நீலத் திமிங்கலங்கள் கப்பல் மோதி இறந்து அந்தப் பகுதியில் மிதந்தன. பூமியில் இதுவரை வாழ்ந்த உயிர்களிலேயே பெரியது. 80 அடி நீளமுள்ள உடம்பை ஒரு கப்பல் இடித்துத் தள்ளிவிட்டுப் போகிறது. கப்பலில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதுகூட இல்லை. தீவுகளின் ஓரத்தில் கடலடி சட்டென்று ஆழமாகும் விளிம்பில் கிரில் என்ற சின்ன இறால் வகை திரளும். கோடையில் திமிங்கலங்கள் அங்கே மேய வருகின்றன. கப்பல் பாதை வரைந்த காலத்தில் யாரும் அந்த மேய்ச்சல் நிலத்தை வரைபடத்தில் குறிக்கவில்லை.

2013 ஜூனில் பாதையின் தெற்குத் தடம் ஒரு கடல் மைல் வடக்கே, மேய்ச்சல் விளிம்பைவிட்டுத் தள்ளி வைக்கப்பட்டது. ஒரு மைலுக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்கலாம். அந்த ஒரு மைலுக்காகக் கடலோரக் காவல்படை, கடற்படை, கப்பல் கம்பெனிகள், மீனவர்கள், ஆய்வாளர்கள் என்று பல தரப்பு ஆண்டுக்கணக்கில் பேசி, கடைசியில் லண்டனில் இருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் முத்திரையும் வாங்கவேண்டியிருந்தது. 2023இல் பாதை மேற்கே இன்னும் நீட்டப்பட்டது; கப்பல்கள் தவிர்க்கவேண்டிய பரப்பும் பெரிதானது.

பாதையை நகர்த்துவது ஒரு மருந்து. இன்னொன்று வேகத்தைக் குறைப்பது. இங்கேதான் புகையும் திமிங்கலமும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன.

கப்பலின் வேகம் கூடக்கூட, அதற்கு வேண்டிய எஞ்சின் சக்தி வேகத்தின் கனத்துக்கு ஏற்ப எகிறும் என்பது கப்பல் பொறியாளர்களின் பாலபாடம். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் ஓடும் கப்பல் 10 நாட்டுக்கு இறங்கினால், ஏட்டுக் கணக்கில் சக்தி எட்டில் ஒரு பங்கு போதும். நேரம் இரண்டு மடங்கு ஆகும். ஆனாலும் அதே தூரத்துக்கு எரிபொருள் கால்வாசியாகிறது. எரிபொருள் குறைந்தால் புகை குறைகிறது. மெதுவாக வரும் கப்பலிடமிருந்து திமிங்கலத்துக்கு விலக நேரம் கிடைக்கிறது. மோதினாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு.

சாண்டா பார்பரா மாவட்டத்தின் காற்று அதிகாரிகளுக்கு ஒரு பழைய குறை. மாவட்டத்தில் பெரிய துறைமுகமே கிடையாது. இருந்தும் அங்கே சேரும் நைட்ரஜன் ஆக்சைடில் பாதி அளவு, கரையோரம் சும்மா கடந்துபோகும் கப்பல்களிலிருந்து வந்தது. ஆலைகளையும் வாகனங்களையும் எவ்வளவு கசக்கிப் பிழிந்தாலும் அந்தப் பாதியைத் தொட முடியாது. நாட்டின் சட்டமே அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. திமிங்கலக்காரர்களிடம் அறிவியல் இருந்தது, காசு இல்லை. காற்றுக்காரர்களிடம் காசு கொஞ்சம் இருந்தது, கடலில் கையெட்டவில்லை. 2014இல் இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். ஏழு கப்பல் நிறுவனங்கள் முன்வந்தன. உள்வழியில் 12 நாட்டுக்குள் மெதுவாகப் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் 2,500 டாலர். ஒரு ராட்சதக் கப்பலின் செலவுக் கணக்கில் அது டீக்காசு. ஆனாலும் வந்தார்கள். பின்னாளில் வேக வரம்பு 10 நாட்டாக இறங்கியது, இடம் மாநிலக் கடலோரத்தில் வெகுதூரம் விரிந்தது, பணத்தைவிடப் பெயருக்காகச் சேர்ந்தவர்கள் அதிகமானார்கள். எல்லாம் விருப்பத்தின் பேரில்தான். விருப்பம் இல்லாதவர்கள் இன்றும் விரைந்து போகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. நல்ல எரிபொருள் விதி வந்த புதிதில், கலிஃபோர்னியக் கரையருகே நடுவழியில் எஞ்சின் நின்றுபோகும் கப்பல்கள் அதிகமாயின. கொதிக்கக் கொதிக்க ஓடிய குழம்பு எண்ணெய்க்குப் பழகிய பம்புகளில், குளிர்ந்த மெல்லிய டீசலைத் திடீரென்று விட்டால் கசியும், அடைக்கும். இயந்திரம் நின்ற ராட்சதக் கப்பல் கரையை நோக்கி மிதந்து வந்தால் என்ன ஆகும் என்பதும் ஓர் இடப் பிரச்சினைதான். எரிபொருளை எங்கே மாற்றுவது, கரையிலிருந்து எவ்வளவு தள்ளி மாற்றுவது என்று கப்பல்காரர்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

109 கப்பல்கள்

பிறகு கொரோனா வந்தது. வீட்டுக்குள் அடைந்த அமெரிக்கர்கள் நாற்காலியும் உடற்பயிற்சிச் சைக்கிளும் தொலைக்காட்சியும் வாங்கிக் குவித்தார்கள். சாதாரண நாளில் ஒரு கண்டெய்னர் கப்பல்கூட நங்கூரத்தில் காத்திருக்காத விரிகுடாவில், 2021இல் வரிசை நீண்டுகொண்டே போனது. நங்கூர இடங்கள் தீர்ந்தன. மிச்சக் கப்பல்கள் கரைக்கு எதிரே குறிப்பிட்ட பெட்டிகளுக்குள் மிதந்து சுற்றிக்கொண்டிருந்தன. 2022 ஜனவரி 9ஆம் தேதி வரிசையில் 109 கப்பல்கள்.

நங்கூரத்தில் நிற்கும் கப்பலுக்குப் பிளக் கிடையாது. இருபது ஆண்டுப் பாடுபட்டுத் துறைமுகத் தளங்களில் அணைத்த ஜெனரேட்டர்கள், ஐந்தாறு மைல் தள்ளிக் கடலில் ஓடின. கூடுதல் நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 20 டன் என்று காற்று வள வாரியம் கணக்குப் போட்டது. கடல்காற்று அதை ஊருக்குள் கொண்டுவந்தது.

அதைவிட மோசமான கதை கடலுக்கு அடியில் நடந்தது. 2021 ஜனவரியில் ஒரு புயல் நாளில், காத்திருந்த இரண்டு கப்பல்களின் நங்கூரங்கள் பிடி தளர்ந்து கடலடியை உழுதுகொண்டு போயின. வழியில் 16 அங்குல எண்ணெய்க் குழாய் ஒன்றை இழுத்து, 100 அடிக்கு மேல் நகர்த்தி, வில்லாக வளைத்துவிட்டன. யாருக்கும் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து, அக்டோபர் முதல் நாளில், வளைந்த குழாய் விரிசல் விட்டது. கட்டுப்பாட்டறையில் எச்சரிக்கை மணி பலமுறை அடித்தும் குழாயில் எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. ஹண்டிங்டன் கடற்கரைக்கு எதிரே சுமார் 25,000 காலன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. 2023இல் முடிந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை, நங்கூர இடங்கள் குழாய்க்கு அவ்வளவு அருகில் இருந்ததையே முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. நங்கூர இடத்தை ஒதுக்கியவரும் குழாய்க்கு அனுமதி கொடுத்தவரும் வேறு வேறு அலுவலகங்கள். இரண்டு கோப்புகளும் சந்திக்கவில்லை; இரண்டு இரும்புகள் சந்தித்தன.

நெரிசலுக்குக் கண்டுபிடித்த மாற்று எளிமையானது. பழைய முறையில், விரிகுடாவை நெருங்கி வந்த பிறகுதான் வரிசையில் இடம். டவுன் பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரி. அதனால் பசிபிக் முழுவதையும் முழு வேகத்தில் கடந்து, எரிபொருளைக் கொட்டி எரித்து, முந்தி வந்து, பிறகு வாரக்கணக்கில் சும்மா நின்றார்கள். 2021 நவம்பரில் இது மாறியது. கடைசித் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பும்போதே வரிசை எண் கிடைத்துவிடும். அவசரம் போனது. கப்பல்கள் மெதுவாக வந்தன. ஆசியாவிலிருந்து வருபவை முறை வரும்வரை கரையிலிருந்து 150 மைலுக்கு வெளியே காத்திருந்தன. புதுக் கருவி எதுவும் வாங்கவில்லை. வரிசை எங்கே தொடங்குகிறது என்ற ஒரு கோட்டை நகர்த்தினார்கள், அவ்வளவுதான். ஊர்க்காரர்களின் மூச்சில் அது தெரிந்தது.

இனி வருகிறவர்களுக்கும் இடம் வேண்டும். கலிஃபோர்னியாவின் மோரோ விரிகுடாவுக்கு அப்பால் மிதக்கும் காற்றாலைகளுக்கு 2022 டிசம்பரில் மத்திய அரசு கடலை ஏலம் விட்டது. மாநிலத்தில் ஐந்து பட்டாக்கள், 75 கோடி டாலருக்கு மேல். காற்று நன்றாக அடிக்கும் வேறு சில இடங்களை, 'எங்கள் சோதனைக்கு இடைஞ்சல்' என்று கடற்படை முன்னமே நிராகரித்திருந்தது. பக்கத்திலேயே சுமாஷ் பழங்குடியினரின் பெயரில் 2024இல் ஒரு கடல் சரணாலயம் அறிவித்தபோது, காற்றாலைக் கேபிள்கள் கரைக்கு வர இடைவெளி விட்டுத்தான் எல்லை வரைந்தார்கள். இந்தக் காற்றாடிகளைக் கோத்து இழுத்துச் செல்ல 400 ஏக்கரில் தனித்தளம் அமைக்க லாங் பீச் துறைமுகம் திட்டம் போட்டது. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ஆட்சி மாறியதும் கடல் காற்றாலைகளுக்குப் புதிய பட்டா கொடுப்பதையே நிறுத்திவைக்க உத்தரவு வந்தது. கடலில் கோடு போடுவது நிபுணர்கள். அழிப்பது வேறு ஆட்கள்.

கழுவி ஊற்றிய கணக்கு

புகையை இடம் மாற்றிவிட்டு ஒழித்ததாகச் சொல்லும் வித்தைக்கு இன்னோர் உதாரணம், கப்பல் புகைபோக்கியில் பொருத்தும் 'ஸ்க்ரப்பர்'. மலிவான உலை எண்ணெயையே எரிக்கலாம்; புகையைக் கடல்நீரால் கழுவிக் கந்தகத்தைப் பிடித்துவிடலாம்; கழுவிய அமிலத் தண்ணீரை அப்படியே கடலில் விட்டுவிடலாம். காற்றுக் கணக்கு நேராகிவிடும். தண்ணீர்க் கணக்கை யாரும் கேட்காதவரை சரி. சிங்கப்பூர் 2020 முதல் தன் துறைமுக நீரில் இந்தத் திறந்தவகைக் கழுவலைத் தடை செய்தது. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து 2025 ஜூலையில் தங்கள் கடல் எல்லைக்குள் தடுத்தன. தடை இல்லாத கடல்களில் கழுவல் தொடர்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இந்த இடமாற்றக் கதை புதிதல்ல. ராயபுரம் பகுதி வீடுகளில் காயப்போட்ட துணியில் கரி படிந்த காலம் ஒன்று உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது போன்ற தூசு கிளப்பும் சரக்குகளை 2011 அக்டோபர் 1 முதல் கையாளக்கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நகரத்துக்கு நல்லதுதான். நிலக்கரி எங்கே போனது? வடக்கே எண்ணூருக்கு. அனல் மின் நிலையங்களுக்குக் கரி இறக்குவதற்காகவே 2001இல் திறந்த துறைமுகம் அங்கே இருந்தது. ராயபுரத்துத் துணி வெளுத்தது; எண்ணூர்க்காரர்கள் ஏற்கெனவே சாம்பலோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

2023இல் மத்திய அரசு வெளியிட்ட 'ஹரித் சாகர்' பசுமைத் துறைமுக வழிகாட்டுதல்கள் கரை மின்சாரத்தையும் சொல்கின்றன. பெரிய சரக்குக் கப்பல்களுக்கு அதைக் கொடுப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று உண்டு: பெரும்பாலான பெரிய கப்பல்கள் ஓடுவது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், நம் மின்தொடரில் வருவது 50 ஹெர்ட்ஸ். நடுவில் விலை உயர்ந்த மாற்றிகள் வேண்டும். அதையும் வாங்கிவிடலாம். ஆனால் சென்னைத் துறைமுகத்தில் கட்டி நிற்கும் கப்பலின் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, அந்த மின்சாரத்தை எண்ணூரில் கரி எரித்து எடுத்தால், புகை கம்பி வழியாக 20 கிலோமீட்டர் வடக்கே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

எண்ணூர்க் கடலில் கப்பல்களுக்குள்ளும் இட நெருக்கடி உண்டு. 2017 ஜனவரி 28 அதிகாலையில் துறைமுகத்துக்கு வெளியே, எரிவாயு இறக்கிவிட்டு வெளியேறிய கப்பலும் எண்ணெய் ஏற்றி உள்ளே வந்த கப்பலும் மோதிக்கொண்டன. கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளியால் அள்ளியவர்களின் படங்களை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்குக் கொஞ்சம் வடக்கே பழவேற்காட்டில், ஏரியின் மீன்பிடி இடங்களை யார் என்றைக்கு உபயோகிப்பது என்று மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கடல்வெளித் திட்டமிடல் என்று இன்று கருத்தரங்குகளில் பேசுவதன் நாட்டு வடிவம் அது. 2019இல் இந்தியாவும் நார்வேயும் கடல்வெளித் திட்டமிடலுக்கு ஒப்பந்தம் செய்து, புதுச்சேரியையும் லட்சத்தீவையும் முதல் களங்களாக எடுத்தன. பாடு வைக்கத் தெரிந்தவர்களின் பெயர் அந்த மேஜையில் எந்த வரிசையில் இருக்கும் என்று பார்க்கவேண்டும்.

தேவேந்திரமுனையில்

இலங்கையின் தென்கோடி தேவேந்திரமுனை. சிங்களத்தில் தெவுந்தர. பழைய கடலோடிகளுக்கு அது தெனாவரை. சீனத் தளபதி செங் ஹ காலி நகரில் நிறுவிய மும்மொழிக் கல்வெட்டு, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது, தன் தமிழ்ப் பகுதியில் தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை செலுத்துகிறது. கடல்வழி பத்திரமாக இருக்கவேண்டும் என்று நாடு நாடாய் வணங்கிய இடம். இன்றும் கிழக்கு மேற்காகப் போகும் கப்பல்கள், நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல், அந்த முனையைத் தொட்டுக்கொண்டுதான் திரும்புகின்றன.

அதே இடத்தில், கரையிலிருந்து சில மைல் தூரத்தில், நீலத் திமிங்கலங்கள் மேய்கின்றன. மற்றக் கடல்களின் நீலத் திமிங்கலங்கள் பெரும்பாலும் குளிர்நீரைத் தேடிப் போகும். இவை ஆண்டு முழுக்க இந்த வெதுவெதுப்பான கடல்களைவிட்டுப் போவதில்லை. ஆஷா டி வோஸ் என்ற இலங்கை ஆய்வாளர் இவற்றைப் பற்றி உலகுக்குச் சொன்னவர். 2012இல் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கண்டெய்னர் கப்பலின் மூக்கில், செத்த திமிங்கலம் ஒன்று மடிந்து தொங்கியது. வழியில் இடித்தது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. சாண்டா பார்பராவில் ஒரு மைலுக்குப் பல ஆண்டு மல்லுக்கட்டினார்கள். இங்கே 15 மைலைக் கப்பல்காரர்களே கேட்கிறார்கள். உலகக் கப்பல் கவுன்சில் 2022இல் இலங்கை அரசிடம் வெளிப்படையாகவே கேட்டது. தள்ளிப்போனால் புகையும் கரைக்குத் தூரமாகும், திமிங்கலம் பார்க்கும் படகுகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் இடம் கிடைக்கும். கப்பல்கள் எட்டிப் போனால் தன் துறைமுகங்களில் எண்ணெய் நிரப்பவும் சாமான் வாங்கவும் வருவது குறைந்துவிடுமோ என்பது கொழும்பின் தயக்கம். அரசு கையெழுத்துப் போடாமல் லண்டனில் பாதையை மாற்ற முடியாது.

உலகின் மிகப்பெரிய கண்டெய்னர் நிறுவனமான எம்எஸ்சி காத்திருக்கவில்லை. 2022 நடுவில் தன் கப்பல்களைத் தானாகவே 15 மைல் தெற்கே திருப்பிவிட்டது. மற்றும் சில நிறுவனங்களும் அப்படிச் செய்கின்றன. தென்கரையின் மிரிஸ்ஸவிலிருந்து காலையில் கிளம்பும் திமிங்கலப் படகுகளில் போகிறவர்கள் இப்போது இரண்டு வரிசைகளின் கடலில் இருக்கிறார்கள்: கண்ணுக்கு எட்டாத தூரத்தில் விலகிப் போகும் கப்பல்கள் ஒன்று; பழைய பாதையில், மேலே வந்து மூச்சு விடும் திமிங்கலத்துக்கும் படகுக்கும் அருகே, கறுத்த புகையோடு போகும் கப்பல்கள் இன்னொன்று. படகோட்டி எஞ்சினைத் தணித்து வழிவிட்டு நிற்கிறார். கப்பல் போனபின் எழும் அலை ஓய இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. அதற்குள் அடுத்தது கிழக்கே தெரிகிறது.